இரண்டு பெயர் வெட்டிய கத்தி

சகாய் ஊரில் ஒரு சமையல் கத்தி நாலு கை மாறித்தான் உருவாகும். கொல்லர் அடிப்பார், சாணைக்காரர் தீட்டுவார், இன்னொருவர் பிடி போடுவார், கடைக்காரர் பெயர் வெட்டி விற்பார். வெட்டுகிற பெயர் கொல்லருடையது. சாணைக்காரருக்கு அங்கே இடம் கிடையாது. ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பார்கள். முப்பத்தைந்து வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் தொஷிஹாரு. அதுவும் வாயைத் திறந்து இல்லை, மனசுக்குள்.

அவர் சாணைக்காரர். சுற்றுகிற பெரிய கல்லின் மேல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்து, கத்தியை ஒரு மரக்கட்டையில் பொருத்தி அழுத்துவார். மேலே குழாயிலிருந்து தண்ணீர் கல்லின்மீது ஓடிக்கொண்டே இருக்கும். கல்லும் இரும்பும் தண்ணீரும் சேர்ந்த சாம்பல் சேறு அவர் முகத்தில், தொப்பியில், பின்னால் இருக்கும் சுவரில் எல்லாம் அப்பியிருக்கும். கடைக்குப் போகும்போது நாய்கூட ஒதுங்கிப் போகும் என்பாள் அவர் மனைவி கசுயோ.

அவரிடம் வருகிற கத்திகளில் முக்கால்வாசி அகாமத்சு அடித்தவை. அகாமத்சுவின் பட்டறை இரண்டு தெரு தள்ளி. ஆனால் கத்தி பட்டறையிலிருந்து தனிகுச்சி அம்மாவின் கடைக்குப் போய், அங்கிருந்துதான் சாணைக்கு வரும். அதனால் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வது பொதுக் குளியல் கூடத்தில் மட்டும்தான், அதுவும் வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வரை மூழ்கியபடி.

பார்க்காவிட்டால் என்ன, அகாமத்சுவைப் பற்றி அவர் பெண்டாட்டிக்குத் தெரியாததெல்லாம் தொஷிஹாருவுக்குத் தெரியும். முந்தின நாள் குடித்திருந்தால் சுத்தியல் அடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வீட்டில் சண்டை என்றால் கத்தி முதுகு தடித்து வரும். வளைந்து வந்த எத்தனையோ கத்திகளைத் தொஷிஹாரு சின்னச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, ஊருக்குத் தெரியாமல் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். கடைசியில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் அந்தக் கத்தியில் வெட்டப்படுவது அகாமத்சு பெயர். எரியுமா எரியாதா வயிறு?

இப்போதெல்லாம் வீட்டில் சமைக்கிறவர்களும் ஹோட்டல்காரர்கள் மாதிரி நல்ல கத்தி வேண்டும் என்று தேடி வருகிறார்கள். காய், மீன், கறி மூன்றுக்கும் ஆகிற கத்தி. அதற்குப் பிறகு அகாமத்சு பட்டறை வாசலில் வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். தீப்பொறி பறப்பதைப் படமெடுக்கக் கூட்டம் வரும். சேற்றைப் பார்க்க யார் வருவார்கள்? அகாமத்சுவுக்குத் தலைமுடிகூட இன்னும் கொட்டவில்லை. தொட்டியிலிருந்து எழுந்து வந்தால் குளியல் கூடத்துக் கிழவி அவருக்கு மட்டும் காசு வாங்காமல் குளிர்ந்த பால்காபி கொடுப்பாள். அதையும் தொஷிஹாரு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் துடைத்துக்கொள்வார்.

இதில் பெரிய கொடுமை, அகாமத்சு நல்ல மனிதர். கெட்டவராக இருந்தாலாவது வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

வசந்தத்தில் தனிகுச்சி அம்மா வீட்டுச் சமையல் கத்திகள் முப்பதை அனுப்பினாள். அதில் ஒன்று மட்டும் தனி ரகம். மேலே இருக்கும் மென்மையான இரும்புக்கும் உள்ளே இருக்கும் எஃகுக்கும் நடுவில் ஓடும் கோடு, அலை ஒதுங்கின மாதிரி அவ்வளவு அழகு. அடிப்பாகத்தில் அரிசி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. தொஷிஹாரு அதைக் கடைசிக்கு எடுத்து வைத்தார். நல்ல கத்தியை அவர் அப்படித்தான் செய்வார். பொறாமை வேறு, வேலை வேறு.

ஒரு நாள் காலை, தீட்டி முடித்த இருபத்தொன்பதையும் கொண்டுபோய்க் கடையில் வைத்தார். கடையில் ஒரு பத்திரிகைக்காரன் அகாமத்சுவை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு கத்தி. போன மாதம் தொஷிஹாரு தீட்டியது.

"ஆஹா! இந்தப் பளபளப்பைப் பாருங்க. உங்க உசுரே இதுல தெரியுதுங்க," என்றான் பத்திரிகைக்காரன்.

"இது என் வேலை இல்லீங்க..." என்று அகாமத்சு ஆரம்பிப்பதற்குள் அவன் தொஷிஹாரு பக்கம் திரும்பினான்.

"ஐயா, கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா? உங்க தொப்பி படத்துல விழுது."

தொஷிஹாரு ஒதுங்கினார். ஒதுங்கி, அப்படியே வீடு வந்து, சாணையில் உட்கார்ந்தார். எடுத்து வைத்திருந்த முப்பதாவது கத்தியைக் கட்டையில் பொருத்தினார். பிறகு கையை நீட்டித் தண்ணீர்க் குழாயை மூடினார்.

தண்ணீர் இல்லாமல் கல்லில் வைத்தால் எஃகு சூடேறி, கொல்லர் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து ஏற்றிய உறுதியெல்லாம் கூரிலிருந்து இறங்கிவிடும். சூட்டில் நிறம் மாறுவதை மெருகில் மறைத்துவிடலாம். பார்த்தால் தெரியாது. ஒரு வாரம் அருமையாக வெட்டும், பிறகு தக்காளித் தோலில்கூட வழுக்கும். வாங்கினவர்கள் கொல்லரைத்தான் திட்டுவார்கள். ஒன்றே ஒன்று போதும், ஒருத்தராவது அகாமத்சு பெயரைச் சொல்லி முகம் சுளிக்கட்டும் என்று நினைத்தார் தொஷிஹாரு. நினைத்தபடியே கத்தியை அழுத்தினார். மறுநாள் அதையும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பத்திரிகை வந்ததும் கசுயோ அந்தப் படத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தண்ணீர் குடிக்கப் போனால் அகாமத்சு சிரிப்பார். முட்டை எடுக்கப் போனால் அகாமத்சு சிரிப்பார். தொஷிஹாரு ஒரு வாரம் முட்டையே வேண்டாம் என்றார்.

மே மாதம் அவருக்கு அறுபது முடிந்தது. அறுபது முடிந்தவருக்குப் போடுகிற சிவப்பு மேலங்கியைக் கசுயோ மாட்டிவிட்டு, நீளமான ஒரு பெட்டியை முன்னால் வைத்தாள்.

"உங்க அறுபதுக்கு எனக்கு நானே வாங்கிக்கிட்டேன்," என்று சிரித்தாள். "சாணைக்காரர் வீட்ல முப்பத்தஞ்சு வருஷமா மொண்ணைக் கத்தியில முட்டைக்கோஸைப் பிச்சுப் பிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன். போதும்."

திறந்தார். ஒரு பக்கம் அகாமத்சு பெயர். கசுயோ கத்தியைத் திருப்பினாள். மறுபக்கம், புதிதாக வெட்டிய எழுத்தில், தொஷிஹாரு.

"தனிகுச்சி அம்மாகிட்ட கேட்டேன். ‘இதுவரைக்கும் அப்படி வெட்டுனது இல்லையே’ன்னு இழுத்தாங்க. அகாமத்சு அண்ணன்தான், ‘வெட்டுங்க, எப்பவோ வெட்டியிருக்க வேண்டியது’ன்னு சொன்னாராம். முப்பதுல எது ரொம்ப நல்லா இருக்கோ அதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்."

அடிப்பாகத்தில் அரிசி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

"என்னங்க, அழுவுறீங்களா?"

"இல்ல."

"ஃபிரிட்ஜ்ல அந்தப் படத்த ஏன் ஒட்டினேன்னு நெனச்சீங்க? அந்த ஆளு மூஞ்சிக்காகவா? கையில இருக்கிற பளபளப்பு உங்களுது. தெனம் பாக்கலாமேன்னுதான்."

தொஷிஹாரு கத்தியைப் பெட்டியில் வைத்து மூடினார். மேலங்கியின் சிவப்பு முகத்தில் ஏறின மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் முட்டைக்கோஸ் நூல் நூலாக விழுந்தது. கசுயோ கத்தரிக்காயை ஊறுகாய்க்கு வெட்டினாள், வெங்காயத்தாளை வெட்டினாள், வெட்ட ஒன்றும் இல்லாதபோது பக்கத்து வீட்டு முள்ளங்கியை வாங்கிவந்து வெட்டினாள். தொஷிஹாருவுக்கு ஒவ்வொரு சத்தமும் ஒரு நாள் கழிவது மாதிரி கேட்டது.

"கொடு, ஒரு தடவை தீட்டித் தரேன்," என்றார் மூன்றாம் நாள். தண்ணீர் விட்டு ஒரு நெல் அகலம் தேய்த்து எடுத்தால், வெந்துபோன ஓரம் போய்விடும். யாருக்கும் தெரியாது.

"தொடக்கூடாது! உங்க கை வச்ச கூரு, அது தானா போற வரைக்கும் நான் விடமாட்டேன்." துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். இரவு அவர் எழுந்து போய் எடுத்திருக்கலாம். ஆனால் அவர் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார்.

எட்டாம் நாள் தக்காளி நசுங்கியது. கசுயோ அவரிடம் சொல்லவில்லை. அவர் மனசு நோகும் என்று, கத்தியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நேராக அகாமத்சு பட்டறைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"இனிமே அந்த ஆளப் பத்தி எங்கிட்டப் பெருமை பேசாதீங்க."

"நான் எப்பப் பேசினேன்?"

"கத்தி போச்சு. அவரே ஒத்துக்கிட்டாரு. அரத்த வச்சு உரசிப் பாத்தாரு, அப்புறம் இடுப்பு வரைக்கும் குனிஞ்சு, ‘தோய்ச்சதுல சூடு பத்தல, தப்பு என்னுது, வேற அடிச்சுத் தரேன்’னாரு. பெரிய அகாமத்சு! முப்பத்தஞ்சு வருஷமா இவரோட ஓட்டைச் சரக்குக்கு மெருகு போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க நீங்க."

இதைத்தானே அவர் ஆசைப்பட்டார்? ஒருத்தர் முகம் சுளித்தாகிவிட்டது. அதுவும் யார்? அவர் பெண்டாட்டி. இந்த வார்த்தையைக் கேட்கத்தான் முப்பத்தைந்து வருஷம் காத்திருந்தார். கேட்டதும் சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளியல் கூடத்துக்கு நடந்தார்.

சாயங்காலக் கூட்டம் இன்னும் வரவில்லை. தொட்டியில் அகாமத்சு மட்டும், நெற்றியில் ஈரத்துண்டோடு. தொஷிஹாரு எதிரில் இறங்கினார்.

"கசுயோ வந்தாளா?"

"வந்தாங்கண்ணே."

"அரம் வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஓரத்துல எஃகு மிருதுவாகி அரம் கடிச்சிருக்கும். கொஞ்சம் உள்ள தள்ளி வச்சா எஃகு கெட்டியா இருந்து வழுக்கியிருக்கும்."

"ஆமா."

"அப்ப உனக்குத் தெரியும்."

"வச்ச உடனே தெரியும்ணே. என் தோய்ப்புல தப்புன்னா முழுசாப் போயிருக்கும், ஓரம் மட்டும் போகாது. குழாய் அடைச்சிருக்கும்னு நெனச்சேன்."

"அடைக்கல. நான்தான் மூடினேன்."

அகாமத்சு துண்டை எடுத்துப் பிழிந்து மறுபடி நெற்றியில் வைத்துக்கொண்டார். கோபம் வரும் என்று தொஷிஹாரு பார்த்தார். வரவில்லை.

"அப்புறம் எதுக்குடா எம் பொண்டாட்டிகிட்டப் போயி குனிஞ்சே?"

"கத்தியில ரெண்டு பேரு இருந்துச்சு. ஒருத்தன் குனிஞ்சுதானே ஆகணும்? எனக்குப் பழக்கம்ணே. பேரு வெட்ட ஆரம்பிச்ச நாள்லேந்து வருஷத்துக்கு நாலஞ்சு தடவை கடையில போயி குனியறேன். பாதி புகாரு, வாங்குனவங்க கத்தியால டப்பாவைத் திறந்ததால வந்தது. மீதியில என்னுது உண்டு, சாணைக்காரங்களுது உண்டு."

"அதுல என்னுது எத்தனை?"

"மூணோ நாலோ இருக்கும். வயசு காலத்துல எல்லாருக்கும் கை தவறத்தானே செய்யும்."

முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு புகார்கூட அவர் வாசலுக்கு வந்ததில்லை என்று தொஷிஹாரு உள்ளுக்குள் கர்வப்பட்டிருந்தார். அவர் வாசலுக்கு வராததற்குக் காரணம் இப்போது எதிரில் கழுத்தளவு வெந்நீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. வெளியே வந்தபோது கிழவி அகாமத்சுவுக்குப் பால்காபி கொடுத்தாள். தொஷிஹாரு இன்றைக்கு நேராகவே பார்த்தார்.

வீட்டில் கசுயோவிடம் குழாயிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஃபிரிட்ஜ் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் அந்த மனுஷனப் போயி முகத்துக்கு நேரா என்னென்னவோ சொல்லிட்டு வந்திருக்கேன்," என்றாள். பிறகு கத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "பேரு வேணும் பேரு வேணும்னு உள்ளுக்குள்ள பொகைஞ்சீங்க இல்ல? வெட்டியாச்சு. நாளைக்குப் பட்டறைக்குப் போயி நீங்களும் குனிங்க. அதுக்கு முன்னால இதச் சரி பண்ணுங்க."

மறுநாள் விடிந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தீட்டினார். வெந்த ஓரம் போயிற்று. கத்தி கொஞ்சம் ஒடுங்கியது. உள்ளே இருந்த எஃகு அருமையான எஃகு. அகாமத்சு அடித்தால் அப்படித்தான் இருக்கும் என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார், சாணைக்கல்லிடம்.

பட்டறை வாசலில் வழக்கம்போல வெளிநாட்டுக்காரர்கள் பத்துப் பேர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, சேறு அப்பிய தொப்பியோடு தொஷிஹாரு உள்ளே போனார். தொப்பியைக் கழற்றி, இடுப்பு வரை குனிந்தார். பின்னால் கிளிக் கிளிக் என்று சத்தம் கேட்டது. அறுபது வயதில் முதல்முறையாக அவரைப் படமெடுக்கிறார்கள், முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

மெல்லக் கண்ணை உயர்த்தினார். எதிரில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அகாமத்சுவும் குனிந்திருந்தார். அவரைவிட நாலு விரல் கீழே.

தொஷிஹாருவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. முதுகு வலித்தாலும் பரவாயில்லை என்று இன்னும் கொஞ்சம் குனிந்தார்.