வெஸ்ட்லியில் எனக்குக் கிடைத்த மூன்றாவது கோப்பை

2006 ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. உலகம் சுற்றிய மாலுமிகளெல்லாம் வெட்கித் தலைகுனியும் பயணமொன்றை நானும் மனைவி கமலாவும் மேற்கொண்டோம். நோர்வேயில் நாங்கள் குடியிருக்கும் ரொம்சோஸிலிருந்து வெஸ்ட்லிவரை மெட்ரோவில் மூன்று நிறுத்தம், ஆறு நிமிடம். மாத அட்டை இருந்ததால் செலவு பூச்சியம்.

பஸ் டிப்போவில் என்னோடு வேலை செய்யும் சீன நண்பர் லின்னின் மகளுக்குக் கல்யாணம். கன்பூசியஸ் வழிவந்த முறைப்படி மணமக்கள் பெரியவர்களை வயது வரிசையில் வணங்கித் தேநீர் கொடுக்க வேண்டும். முதல் கோப்பை தகப்பனைவிட மூத்தவருக்கு. அந்தக் குடும்பத்தில் அப்படி ஒருவரும் உயிரோடு இல்லை. பொஸ்டனிலிருந்து வந்திருந்த லின்னின் தங்கைதான் வழி சொன்னாராம். அங்கே உறவைப் பிரிந்து வாழும் சீனக் குடும்பங்கள், தகப்பனைவிட மூத்த நண்பர் ஒருவரை அந்தக் கதிரையில் இருத்திவிடுமாம். மண்டியிடவும் தேவையில்லை, குனிந்தால் போதுமாம். ஏழு வருடமாக “நான் உனக்கு மூத்தவன்” என்று லின்னை அதட்டி வந்த என்னைவிட இப்பூமண்டலத்தில் யாருக்குத் தகுதி?

லின்னின் வீடு ஒன்பதாம் மாடி. சிவப்புத் துணி விரித்த கதிரையில் சக்கரவர்த்தியாக அமர்ந்தேன். தங்கை என் பிறந்த ஆண்டைக் கேட்டார். மூதாதையர் படத்தின்முன் அதைச் சொன்ன பிறகுதான் கோப்பையை நீட்டுவார்களாம்.

கமலாவைத் திரும்பிப் பார்த்தேன். கடவுச்சீட்டில் நான் 1950. அது என்னை நோர்வேக்குக் கள்ளமாய் அனுப்பிய ஏஜென்சிக்காரன் பெற்ற பிள்ளை. அம்மா பெற்றது 1954இல். லின் 1952.

கமலா காதருகே குனிந்தாள். “உண்மையைச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளையின்ரை கலியாணம் பொய்யிலை தொடங்கக் கூடாது.”

சொன்னேன். மணப்பெண் கோப்பையைத் தட்டில் திரும்ப வைத்தாள். முதல் கோப்பைக்கு ஆளில்லாவிட்டால் தகப்பன் லின்னும் குடிக்க முடியாது. 

கமலா என் தோளைத் தட்டினாள். “எழும்புங்கோப்பா. நான் பிறந்தது ஐம்பதாம் ஆண்டு.”

அதே ஏஜென்சிக்காரன் அவளுடைய கடவுச்சீட்டிலும் கைவைத்து வயதைக் குறைத்திருக்கிறான்! சாதகம் பாராமல் காதலித்துக் கட்டியவன் நான். இருபத்தாறு வருடமாக அவளை இளையவள் என்றே நம்பியிருந்தேன். அவள் அதையே நோர்வேஜிய மொழியில் சொன்னதும் ஒன்பது மாடியும் குலுங்கச் சிரித்தார்கள். முதல் கோப்பை அவளுக்கு, இரண்டாவது லின்னுக்கு. எனக்கு வரும்போது ஆறியிருந்தது, ஆனாலும் தேவாமிர்தம்.

போகிறவர்களுக்கு: வெஸ்ட்லி கடைசி நிறுத்தம், தூங்கினாலும் தவறவிட முடியாது. சப்பாத்தை வாசலில் கழற்றுங்கள். மணமக்களுக்குச் சிவப்பு உறையில் பணம் கொண்டுபோங்கள். கோப்பையை இரு கைகளாலும் வாங்குங்கள்.

அன்றிலிருந்து ரொம்சோஸிலும் கன்பூசியம் தழைத்தோங்குகிறது. காலைத் தேநீரை இரு கைகளாலும் ஏந்திப்போய், சற்றே குனிந்து, மூத்தவரிடம் கொடுப்பவன் நான்.