வங்கி சுறுசுறுப்பான செவ்வாய்க்கிழமை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிப்பட்டறை ஒன்றில் சூப்பர்வைசர். என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் நெய்ய வைப்பதை அவள் ஊராருக்குக் கட்டிவிடுவாள். இப்படி ஒரு பொருத்தம் எந்த ஜோசியருக்கும் வாய்க்காது என்று நானே சொல்லி நானே சிரித்துக்கொள்வேன்.

அந்த வருஷம் அவளுக்கு எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்க இரண்டு கல்லூரிகளிலிருந்து ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. ஒன்று மதுரை, மனநல நர்சிங். இன்னொன்று மெட்ராஸ், குழந்தைகள் நல நர்சிங். எதற்கு வருகிறோமென்று முன்பணத்துக்கான டி.டி.யோடு பதில் அனுப்ப வேண்டும். கட்டிய பணம் திரும்பி வராது. மெட்ராஸ் கல்லூரிக்கு வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. மதுரைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அவளுக்குக் குழப்பமே இல்லை. மெட்ராஸ். குழந்தைகள் வார்டில்தான் இத்தனை வருஷமும் வேலை பார்த்தாள். எனக்குத்தான் கணக்கு உதைத்தது. மதுரை என்றால் இரண்டு மணி நேரம், சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவாள். மெட்ராஸ் என்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். மூணாங்கிளாஸ் படிக்கிற மகளைப் பார்த்துக்கொள்ள மாமியார் முன்வந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை.

"மனநலம்னா எம்புட்டு வசதி! வீட்டுலயே ஒரு கேஸ் இருக்குல்ல, பரீட்சைக்குப் படிக்கவே வேண்டாம்" என்றேன்.

"அந்தக் கேஸுக்குத்தான் பத்து வருஷமா வைத்தியம் பாக்கேன். கொணமாகலை. அதான் வேற படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கவரை என் கையில் கொடுத்தாள். உள்ளே விண்ணப்பம், சான்றிதழ் நகல்கள், டி.டி. எந்தப் பேரில் எடுக்க வேண்டும் என்று எழுதிய துண்டுச்சீட்டு. "டி.டி. நம்பரை ஃபாரத்துல எழுதி, பின் போட்டுக் குத்தி, இன்னைக்கே ரிஜிஸ்டர் தபால்ல போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும்போதே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. எங்கள் கணக்கு ராஜபாளையத்து வங்கியில். அங்கே டி.டி. எடுப்பதென்றால் பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். சாப்பாட்டு நேரம் வரும், ஆபீசர் சீட்டில் இருக்க மாட்டார், நாளைக்கு வாங்க என்பார்கள். நாளைக்கு எனக்குப் பட்டறையில் வேலை இருக்கும். நான் எதையும் தடுக்கப்போவதில்லை. வங்கியை அதன் இயல்புப்படி நடக்க விடப்போகிறேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்குப் போனேன். வேண்டுமென்றே நீளமான வரிசையில் நின்றேன். சலானைத் தப்பாக எழுதிக் கிழித்து, மறுபடி எழுதினேன். உள்ளேயிருந்து ஆபீசர் எட்டிப் பார்த்தார்.

"நீங்க சிஸ்டர் வீட்டுக்காரர்தான?"

இல்லை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"உள்ள வாங்க சார். எங்கம்மாவுக்குக் கால்ல சர்க்கரைப் புண்ணு. வெரலை எடுக்கணும்னுட்டாங்க. வார்டு முடிஞ்ச பொறவு சிஸ்டர் எங்க வீட்டுக்கே வந்து ஒரு மாசம் கட்டுப் போட்டாங்க. இன்னைக்கு அந்தக் காலோட கோயிலுக்கு நடந்து போறாங்க. கொடுங்க சலானை!"

"அவசரமில்லை சார், செத்த நேரம் இருக்கேன்."

"நீங்க ஒண்ணும் கூச்சப்படாதீங்க."

காபி வந்தது. அது ஆறுவதற்குள் டி.டி. வந்துவிட்டது. அந்த வங்கி கட்டப்பட்ட நாளிலிருந்து அத்தனை சுறுசுறுப்பாக இருந்திருக்காது. என்னைப் பழிவாங்கவென்றே இருந்தது.

சரி, தபாலாபீஸ் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் போட்டுக்கொள்ளலாமென்று பஸ் ஸ்டாண்டில் இரண்டு வண்டிகளை வேண்டுமென்றே விட்டேன். மூன்றாவதில் ஏறி, இறங்கி, பால்கோவா வாங்குவதற்கென்று ஒரு கடையில் நின்றேன். எப்போதும் பத்துப் பேர் மோதுகிற கடையில் அன்றைக்கு நான் ஒருவன்தான். எடை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

தபாலாபீஸுக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. கவுன்ட்டரில் இருந்த அம்மாள், "மெட்ராஸ் பை நாலு மணிக்குக் கெளம்பும். சீக்கிரம் கொடுங்க" என்றார். இன்னும் அரை மணி நேரம் மெதுவாக நடந்திருக்கலாமே என்று என்னையே நொந்துகொண்டேன்.

டி.டி. நம்பரை எழுத விண்ணப்பத்தை வெளியே எடுத்தேன். அப்போதுதான் கடைசிப் பக்கத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன். பெற்றோர், கணவர் அல்லது காப்பாளர் கையெழுத்து. மற்ற எல்லாக் கட்டத்தையும் குண்டு குண்டான எழுத்தில் நிரப்பியிருந்தவள், அதை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

காலையிலிருந்து யார் யாரோ என்னைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். இங்கே தள்ள ஆளில்லை. கவுன்ட்டர் அம்மாளுக்கு என் மனைவியைத் தெரியாது. நூலில் கட்டியிருந்த பேனாவை எடுத்து ஓரத்தில் கிறுக்கினேன். எழுதவில்லை. எனக்கு உயிர் வந்தது.

"பேனா எழுதலைங்க. நாளைக்கு வாரேன்."

"அது என்னைக்கு எழுதிச்சு? இந்தாங்க" என்று தன் பேனாவை நீட்டினார். பிறகு கவரைப் பார்த்துவிட்டு, "காலேஜா? மகளுக்கா?" என்று கேட்டார்.

"வீட்ல. மேல படிக்கப் போறாங்க."

"மெட்ராஸுக்கா? நீங்களே வந்து போடுதீங்களா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வீட்டுல டிப்பார்ட்மென்ட் பரீட்சைக்கு என்னைய மதுரைக்கு அனுப்பவே யோசிச்சாங்க. யோசிச்சு முடிக்கதுக்குள்ள வயசு தாண்டிப் போச்சு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே ஸ்டாம்பை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கையிலிருந்த பால்கோவாப் பொட்டலத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை. காலையிலிருந்து நானும் யோசித்துக்கொண்டுதானே இருந்தேன், பஸ்ஸை விட்டு, வரிசையில் நின்று.

கையெழுத்தைப் போட்டேன். கட்டத்துக்குள் அடங்காமல் வால் வெளியே போய்விட்டது. நம்பரை எழுதினேன், டி.டி.யைக் குத்தினேன், ஒட்டினேன். அந்த அம்மாள் முத்திரை குத்திய சத்தம் எனக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. நான்கு மணிக்குப் பை போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் வராந்தாவில் ஒரு குழந்தையின் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"போட்டாச்சா?"

ரசீதை நீட்டினேன். "நல்லவேளை பார்த்தேன். என் கையெழுத்தை வாங்க மறந்துட்டியே! நான் மட்டும் போடலேன்னா உன் சீட்டு அம்புட்டுதான்."

தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே திரும்பினாள். "கட்டத்து மேல ஒரு நட்சத்திரம் இருந்துச்சே, பாக்கலையா?"

"என்ன நட்சத்திரம்?"

"அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு. வேலையில இருக்கவங்களுக்கு அந்தக் கையெழுத்து தேவையில்லைன்னு. அதான் விட்டுட்டேன்."

தபாலாபீஸில் நான் பட்ட பாடு மொத்தமும் ஒரு பொடி நட்சத்திரத்துக்குக் கீழே போய்விட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து, குழந்தையை வைத்திருந்த தாய்கூடச் சிரித்தாள்.

"சரி, போட்டது போட்டதாவே இருக்கட்டும்" என்றாள் அவள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசீதை மடித்து யூனிஃபார்ம் பைக்குள் வைத்தாள். பிறகு பொட்டலத்தைப் பிரித்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டாள். "வங்கி ஆபீசர் அப்பவே போன் பண்ணிட்டாரு. மூணு மணி நேரமா எங்க சுத்தினீங்க?"

நான் பொட்டலத்து நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்குப் போயி ரெண்டு டம்ளர் அரிசி போடுங்க. எனக்கு டூட்டி முடிய ஏழாகும். ஒரு டம்ளருக்கு எம்புட்டுத் தண்ணின்னு தெரியும்ல?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தெரியாது. அன்றைக்குக் கஞ்சி குடித்தோம்.