சம்பவம் புகார் செய்யப்படும்

ஒலிண்டா நகரத்துச் சரிவுகளில் கேஸ் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெனிவால்டோ ஏறுவதைப் பார்த்தவர்கள், அந்த ஆளுக்குப் பயம் என்று ஒன்று உண்டு என்பதை நம்ப மாட்டார்கள். தெருநாய், மழையில் வழுக்கும் கல், சிலிண்டரைத் தட்டிப் பார்த்து "இது பாதி காலி" என்று சண்டைக்கு வரும் அம்மாமார், எதற்கும் அசராத ஆள். நாற்பத்தாறு வயது. கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால், "மேடு ஏறி இறங்கவே நேரம் சரியாப் போச்சு" என்பான். சுத்தப் பொய். பெண்கள் முன்னால் அவனுக்கு வாய் வராது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் கம்ப்யூட்டர் அல்ல என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? எங்கள் மேட்டுக் குடியிருப்போர் சங்கத்துச் சமையலறைக்கு ஒரு நாள் சிலிண்டர் கொண்டுபோனான். பின்னறையில் லிண்டினால்வா பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "நீ என்ன பெரிய மேயரா? தாளை எடுடா!" பிரிண்டர் பயந்துபோய்த் தாளை எடுத்தது. ஜெனிவால்டோ சிலிண்டரைக் கீழே வைத்தான், அங்கேயே வகுப்புக்குப் பெயரைக் கொடுத்தான்.

காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் லிண்டினால்வாதான் மாலையில் அந்தப் பின்னறைக்கு ராணி. பழைய கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் லினக்ஸ் என்கிற இலவச மென்பொருள். அவளும் அதை இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள். மாணவர்களைவிட ஒரு பாடம் முன்னால் இருந்தாள், ஆனால் குரலில் அது தெரியாது.

"இங்க பாருங்க, இந்த மெஷினுக்கு ஒரு முதலாளி உண்டு. பேரு ரூட். அவர் சொன்னா எதுவும் நடக்கும். அழின்னா அழிச்சிடும், ஏன்னு கேக்காது. நீங்கல்லாம் சாதாரண ஆளுங்க. உங்க வீட்டுக்குள்ள எதை வேணா பண்ணுங்க, அடுத்த வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்க முடியாது. புரிஞ்சுதா? இப்ப அவங்கவங்க பாஸ்வேர்டை மாத்துங்க."

கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திரையில் திறந்து எல்லாரும் தட்டினார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை. அறையே அலறியது.

"டீச்சர், என் கீபோர்டு செத்துப்போச்சு!" என்று கத்தினான் பியூ. ஜெனிவால்டோவின் கூட்டாளி, கார்னிவல் திருவிழாக் குழுவில் டியூபா என்கிற பெரிய பித்தளைக் குழலை ஊதுகிறவன்.

"சாகல. பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒண்ணும் தெரியாது, ஒரு புள்ளிகூட வராது. எத்தனை எழுத்துன்னு பக்கத்துல இருக்கறவன் எண்ணிடுவான்ல? நீங்க பாட்டுக்கு அடிங்க, உள்ள போயிட்டுதான் இருக்கு."

ஜெனிவால்டோவுக்கு அது லேட்டாகத்தான் காதில் விழுந்தது. எழுத்து வரவில்லையே என்று அவன் அமுக்கிய அமுக்கில் ஒரு பொத்தான் கழன்று தெறித்துவிட்டது. அத்தனை பேரும் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து அதைத் தேடுவதிலேயே வகுப்பு முடிந்தது. கிளம்புகிறவர்களிடம் லிண்டினால்வா அவசரமாகச் சொன்னாள்: "முதலாளி வேலை ஏதாவது ஆகணும்னா, முன்னாடி சூடோன்னு போட்டு வேலையைச் சொல்லுங்க, பாஸ்வேர்டு குடுங்க, செஞ்சு குடுத்துடும். மீதி நாளைக்கு!"

மீதி என்னவென்றால், அனுமதிப் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் அது செய்து கொடுக்கும். ஜெனிவால்டோ வீட்டுக்கு எடுத்துப்போனதோ வேறு இரண்டு விஷயங்கள். சூடோ போட்டால் எதுவும் நடக்கும். கறுப்பு ஜன்னலில் அடிப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

மறுநாள் மற்றவர்கள் வருமுன்னே போய் உட்கார்ந்தான். லிண்டினால்வா காபி போடப் போயிருந்தாள். ஒற்றை விரலால், கீபோர்டை விட்டுக் கண்ணெடுக்காமல், வியர்வை சொட்டச் சொட்ட அடித்தான்: "சூடோ, லிண்டினால்வாவுக்கு என்னைப் பிடிக்க வை." பாஸ்வேர்டு கொடுத்தான். ஏதோ பதில் வந்தது. பாஸ்வேர்டுதான் தப்பு என்று நினைத்து மறுபடி அடித்தான். பிறகு மரியாதைக் குறைவாகக் கேட்டுவிட்டோமோ என்று "தயவுசெய்து" சேர்த்தான். அதற்கும் மசியவில்லை. கடைசியாக, "அவங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா" என்றும் சேர்த்தான். அதன் பிறகுதான் பதிலை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"ஜெனிவால்டோ அனுமதிப் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்."

காபி வாசனை கதவைத் தாண்டும்போது ஜெனிவால்டோ சன்னலைத் தாண்டியிருந்தான்.

"என் சிநேகிதன் ஒருத்தன்," என்று பியூவிடம் மெல்ல ஆரம்பித்தான். "மெஷின்ல தெரியாம எதையோ அடிச்சிட்டானாம். புகார் பண்ணுவேன்னுச்சாம். யார்கிட்டடா பண்ணும்?"

"மேயர் ஆபீசுலதான்! மெஷின் அவங்க குடுத்ததுல்ல? ஜீப்புல வருவாங்க. உன் சிநேகிதனுக்குக் கழுத்து இருக்கா?"

"ஏன்?"

"சும்மா கேட்டேன்."

ஜீப் வரட்டும், ஜெயிலில் போடட்டும், அதெல்லாம் அவனுக்குப் பெரிதில்லை. புகாரை யாராவது உரக்கப் படிப்பார்கள், அது லிண்டினால்வாவின் காதில் விழும், பிரிண்டரைப் பார்த்த பார்வையால் அவள் தன்னைப் பார்ப்பாள். அதற்குத்தான் பயந்தான். வகுப்புக்குப் போவதை நிறுத்தினான். சங்கத்துச் சிலிண்டரை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினான். மேட்டைச் சுற்றிக்கொண்டு போனான். அவளைப் பார்க்காத நாளெல்லாம் சோறு இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி ஒளிந்து திரியும்போது கார்னிவல் வந்தது. எங்கள் குழுவின் ராட்சதப் பொம்மை "மேட்டு மங்கை". இரண்டாள் உயரம், உதடெல்லாம் சிவப்பு, துணியடைத்த நீளக் கைகள். அதற்குள் நின்று அதைச் சுமக்கிற ஆளுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. ஜெனிவால்டோ முந்திக்கொண்டு ஓடினான். பாவாடைக்குள் புகுந்துவிட்டால் எந்த ஜீப் கண்டுபிடிக்கும்?

சனிக்கிழமை மத்தியானம், பித்தளை வாத்தியங்கள் தெருவை அதிர வைக்க, குடைகள் சுழல, மங்கை சரிவில் இறங்கினாள். உள்ளே ஜெனிவால்டோ வெந்துகொண்டிருந்தான். வெளியே பார்க்க மங்கையின் வயிற்றில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் திடீரென்று ஒரு கண் வந்து ஒட்டிக்கொண்டது.

"யோவ் ஜெனிவால்டோ! உள்ள நீதான்னு தெரியும். இந்த மேட்டுல இப்படி நடக்கறது நீ ஒருத்தன்தான்!"

"டீச்சர், நான் இல்ல."

"அந்தப் புகாரெல்லாம் எங்க போச்சு தெரியுமா?"

"மேயர் ஆபீசுக்கா?"

"எனக்கு! நான்தானேய்யா ரூட்! ஒவ்வொரு தடவை மெஷினுக்குள்ள போறப்பவும் உங்களுக்குத் தபால் வந்திருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஏதோ விளம்பரம்னு விட்டுட்டேன். இன்னைக்கு அறையைப் பூட்டறதுக்கு முன்னாடி திறந்து பாத்தா, பூரா நீ! அடிச்சது எழுத்துக்கு எழுத்து இருக்கு."

ஓட வழி தேடி ஜெனிவால்டோ இப்படியும் அப்படியும் ஆடினான். மேலே மங்கையும் ஆடினாள். ஜனங்கள் கைதட்டினார்கள்.

"மன்னிச்சிருங்க டீச்சர். வேற யாரு படிச்சாங்க?"

"ஒருத்தரும் இல்ல. ஆட்சேபணை இல்லைன்னான்னு எழுதியிருக்கியே, எனக்கு ஆட்சேபணை இருக்கா இல்லையான்னு அந்த டப்பாவுக்கு எப்படிய்யா தெரியும்? அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க! என்னைக் கேளு."

அவன் கேட்டான். முணுமுணுப்பாகத்தான் வந்தது.

"என்ன? காதுல விழல!"

மறுபடி கேட்டான். அந்த நேரம் பார்த்துப் பியூ பின்னாலிருந்து டியூபாவை ஊதித் தொலைத்தான்.

"விழலய்யா!"

அப்போதுதான் ஜெனிவால்டோ மூச்சை இழுத்து, கீழ்த்தெருவில் நின்று மேல்தெருவுக்குக் கேட்க "கேஸ்ஸ்!" என்று கத்துகிற குரலை எடுத்தான். அவன் கேட்க நினைத்தது "என்னைப் பிடிச்சிருக்கா" என்பது மட்டும்தான். அந்தக் குரலில் அவ்வளவு சின்னக் கேள்விக்கு இடமில்லை.

"லிண்டினால்வா! என்னைக் கட்டிக்கிறியா?"

சிவப்பு உதட்டு மங்கை ஆண்குரலில் பெண் கேட்டதும் தெருவே ஆடிப்போனது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. "பொம்மையே கேக்குது, பதில் சொல்லும்மா!" என்று மாடியிலிருந்து ஒரு குரல். லிண்டினால்வா மங்கையின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு அடங்கவே இல்லை. உள்ளே ஒருவன் மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தான்.

"சரிய்யா!" என்றாள். "சரி, சரி, சரி!"

பாரம் மறந்துபோனது. ஜெனிவால்டோ சுற்ற ஆரம்பித்தான். மங்கையின் கைகள் பறந்து கூட்டத்தில் நின்ற ஒரு கவுன்சிலரின் தொப்பியைத் தட்டிவிட்டன, நான்கு பேருடைய பீரைக் கொட்டின, பியூவுக்கும் கன்னத்தில் ஒன்று விழுந்தது. பாவாடையோடு சேர்ந்து லிண்டினால்வாவும் சுற்றினாள். சுற்றிக்கொண்டே ஓட்டைக்குள் வாயை வைத்துக் கத்தினாள்:

"ஆனா மெஷின்ல உனக்கு முதலாளி அதிகாரம் கிடையாது, சொல்லிட்டேன்! கல்யாணம் வேற, அது வேற!"