நைலான் பிடிதுணி

பனியன் துணியில் சம்பாதித்துவிட்டு, பனியன் துணியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற ஒரு குடும்பத்தில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். பெருமாநல்லூரில் அந்தக் குடையைப் பிடித்தவள் அக்காவின் மாமியார். எழுபதுகளின் தொடக்கம் அது. நேற்றுவரை மிஷின் மிதித்தவர்கள் எல்லாம் கம்பெனிக்காரர்கள் ஆகிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அப்பா வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார். அம்மாவும் அக்காவும் அவற்றை அடுக்கடுக்காக வைப்பார்கள். பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும், தைக்கும்போது கோணிக்கொள்ளும். அதனால் முதலில் நீளநீளமாக நூல் ஓட்டி நிறுத்திவிட்டு, பிறகு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகத் தைப்பார்கள். சோற்றுப் பானை இறக்குகிற பிடிதுணி. ஒரு இட்லி கனத்துக்கு இருக்கும். பார்க்க ஒரு லட்சணமும் கிடையாது. கை சுடாது, அவ்வளவுதான்.

கல்யாணத்தில் சீர்த் தட்டில் அம்மா அதில் ஒரு கட்டு வைத்துவிட்டாள். மாமியார் ஒன்றை இரண்டு விரலால் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

"ஏனுங்க சம்மந்தி, எங்க கம்பெனியில கூட்டித் தள்றத எங்களுக்கே சீருன்னு கொண்டாந்திருக்கீங்களா?"

பந்தலே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அதே வேஸ்ட் துணியில் மூக்கைச் சிந்தி வளர்ந்தவர்கள். "தப்பாப் போச்சுங்க" என்று அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வீட்டில் அக்கா மருமகளாக இருக்கப்போகிறாளா, வேலைக்காரியாக இருக்கப்போகிறாளா என்ற பயம் அன்றைக்கே எனக்கு வந்துவிட்டது.

பயந்தபடிதான் நடந்தது. சமையலுக்கு இருந்த அம்மாளை நிறுத்திவிட்டார்கள். கம்பெனி ஆட்களுக்கும் சேர்த்து அக்காதான் சோறு வடித்தாள். கல்யாணத்தில் கேலி செய்த அதே பிடிதுணியால்தான் தினமும் பானை இறங்கியது. மாமியாரோ எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள். நைலான் சேலையின் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் தன் பவுசைப் பேசுவாள். அக்கா வீட்டுக்காரர் தன் அம்மா முன்னால் வாயே திறக்கமாட்டார். அப்படி ஒரு வாய் எதற்கு, சோறு தின்னவா?

மாரியம்மன் நோம்பி வந்தது. விருந்தாளிகள் வருகிற நாளில் அடுப்படியில் பனியன் வேஸ்ட் கிடந்தால் கௌரவம் என்னாவது? மாமியார் தன் பழைய நைலான் சேலை ஒன்றை அக்காவின் முன்னால் போட்டாள்.

"இதுல தெச்சுரு கண்ணு. பாக்கறவங்களுக்கு எடுப்பா இருக்கோணும்."

அக்கா தைத்தாள். நோம்பிக்குப் போயிருந்த நானும் பார்த்தேன். பளபளவென்று நீலம், ஓரத்தில் வெள்ளை லேஸ். சட்டி பிடிக்கிற துணிக்கு லேஸ்! அட கருமமே! எங்கள் வீட்டில் எல்லாம் பருத்திதான். நைலானை யார் கட்டினார்கள்? அதன் குணம் அக்காவுக்குத் தெரியாது.

பானையை இறக்கும்போது விறகுத் தீ துணியின் ஓரத்தைத் தொட்டது. பருத்தி என்றால் கருகும், உதறிப் போட்டுவிடலாம். இது உருகி அக்காவின் வலது கையோடு ஒட்டிக்கொண்டது. உதற உதற வரவில்லை. அக்கா அலறினாள். பானை கவிழ்ந்தது. ஓடிவந்த மாமியார் முதலில் பார்த்தது தரையில் கொட்டிய சோற்றை.

"அய்யோ, அத்தனையும் போச்சே!" என்றாள். தூ!

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு அக்காவை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். சில நாள் கழித்து மாமியார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வந்தாள். வந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா?

"என்ன பண்றதுங்க சம்மந்தி, அந்தச் சேலையே ஆகாத சேலைங்க. ஒருக்கா அடுப்புப் பொறி பட்டு இப்படித்தான் உருகி எம்மேல ஒட்டப் பாத்துச்சு. அதனாலதான் நான் அதக் கட்டறதையே உட்டுட்டேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா, அத்தை?"

"பழசு வீணாப் போவுதேன்னு குடுத்தேன் கண்ணு. சரி, எப்ப வர்றே? அங்க ஊட்டுல சோறு வடிக்க ஆளில்லே."

அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அம்மா எழுந்து, அந்தப் பழச் சீப்பை எடுத்து மாமியாரின் மடியிலேயே வைத்தாள். குரல் ஏறவில்லை, மரியாதையும் குறையவில்லை.

"அவ வரமாட்டாளுங்க. உங்களுக்குத்தான் ரெண்டு கையும் நல்லா இருக்குதுங்களே, சம்மந்தி."