அக்கா குடித்த அமினோ மா

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு ஃபிளாட்டில் நானும் அக்காவும் இருந்தோம். அவளுக்கு வங்கியில் வேலை. நான் கணக்கியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு, பின்னேரங்களில் ஜிம்முக்குப் போய்வந்தேன். பாரம் தூக்கிய மறுநாள் படி இறங்கவே தொடை வலிக்கும். இதை அறிந்த என் லண்டன் நண்பன், விடுமுறைக்கு வந்தபோது அமினோ அமிலத் தூள் கொண்டுவந்தான். டப்பா சூட்கேசில் இடத்தை அடைக்கிறதென்று, பொலித்தீன் பையில் கொட்டிக் கட்டியிருந்தான். வெள்ளை வெளேரென்ற மா. மேலே ஒரு எழுத்துமில்லை.

"உந்தக் கண்டறியாத மாவைக் குடிச்சு உடம்பைப் பழுதாக்காதை," என்று அக்கா திட்டிக்கொண்டேயிருப்பாள்.

ஒரு ஞாயிறு காலை, இராணுவத்தினர் எங்கள் மாடியைச் சோதனையிட வந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் சரி. குசினிக்குள் போய் அடுப்படியைக் கிளறிய சிப்பாய் அந்தப் பையோடு வெளியே வந்தான். வெடிமருந்தோ என்று அதிகாரி முடிச்சை அவிழ்த்து மணந்து பார்த்தார்.

"மொனவத மே?" என்ன இது என்றார்.

உடற்பயிற்சிக்கு என்று நான் சிங்களத்தில் தடுமாறத் தொடங்க, அதே நேரம் அக்கா, "மகே பெஹெத், மஹத்தயா," தன்னுடைய மருந்து என்று சொல்லிவிட்டாள். அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். முகம் இறுகியது. மருந்தென்றால் குடித்துக் காட்டு என்றார்.

நான் அசைவதற்குள் அக்கா கிளாசில் தண்ணீர் எடுத்து, கரண்டி நிறைய மாவைப் போட்டுக் கலக்கினாள். அது கரையாமல் நுரைத்து மிதந்தது. ஒரே மூச்சில் குடித்தாள். சாறு எதுவும் சேர்க்காமல் நான்கூட அதைக் குடித்ததில்லை. அவள் கண்கள் மூடி, வாய் கோணி, முகம் முழுவதும் சுருங்கிப்போனது. சிப்பாய் சிரித்துவிட்டான்.

"மருந்துதான்," என்றார் அதிகாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

பூட்ஸ் சத்தம் மேல்மாடிக்கு ஏறியது. அக்கா அப்படியே தரையில் இருந்துவிட்டாள். நானும் பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனி?"

"இளம் பெடியன்ரை எண்டா விடுவாங்களே? கதையை விட்டிட்டுச் சீனிப் போத்தலை எடு. வாயெல்லாம் வேப்பெண்ணெய்."

சீனியை அள்ளி வாயில் போட்டபடியே அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை நானும் சிரித்தேன்.