மூன்றாம் ஓலைக்கு முந்தைய மாலை

எதற்கும் தேதி குறித்து வைப்பவள் நான். இந்த ஒரு நாளுக்குக் குறிக்கவில்லை. அது சனிக்கிழமை என்பதில் சந்தேகமில்லை. எனது கல்யாணத்துக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, மறுநாள் பூசையில் மூன்றாவது. மாதா கோவிலில் மூன்று ஞாயிறு எங்கள் பெயர்களை வாசித்து, தடை இருந்தால் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் கேட்பார். வருடம் அறுபதை ஒட்டி இருக்கலாம்.

எங்கள் வீட்டின் தடை அப்பாதான். மதுவிலக்குக் காலம். சிறுமலை அடிவாரத்திலிருந்து வரும் சாராயம் அவருக்கு எப்படியோ கிடைத்துவிடும். வெளியே தெரிந்தால் இங்கிலீஷ் வாத்தியார் வேலையும் போகும், எனது கல்யாணமும் போகும்.

மாப்பிள்ளையின் அம்மா, எனக்கு அத்தையாகப் போகிறவர், வத்தலக்குண்டிலிருந்து சேலை எடுக்க வந்து, நாகல் நகரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். பஸ் வெயிலில் அவருக்குத் தலைவலி. மாடத்தில் நின்ற மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருந்த வேளாங்கண்ணித் தீர்த்தப் புட்டியைப் பார்த்துவிட்டு, நெற்றியில் தடவக் கை நீட்டினார்.

அம்மா பாய்ந்து குறுக்கே நின்றார். "அது பழசு மதினி, வாடை அடிக்குது."

"தீர்த்தம் வாடை அடிக்குமா?" என்று சிரித்தபடி அத்தை கையை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை பங்குப் பள்ளி மைதானத்தில், குடியின் கேட்டைச் சொல்லும் இங்கிலீஷ் படம் ஒன்று போட்டார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்லச் சாமியார் அப்பாவைத்தான் கூப்பிட்டிருந்தார். அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டார். நான் பெண்கள் பக்கம் அத்தையோடு உட்கார்ந்தேன். பேகம்பூர்ப் பக்கமிருந்து, தோல் பதனிடும் தோல்ஷாப் வாடை வீசியது. நல்லதாகப் போயிற்று, அப்பாவின் வாடை இதில் அமுங்கிவிடும் என்று நினைத்தேன்.

அப்பா நன்றாகவே சொன்னார். படத்தின் நடுவில், அந்த வெள்ளைக்காரன் ஒளித்து வைத்த புட்டியைக் காணாமல் அறையையே கலைத்துக்கொண்டிருந்தான். கூட்டத்துக்குக் கொண்டாட்டம்.

"சார், கட்டிலுக்கு அடியில பாக்கச் சொல்லுங்க!"

"ஏலே, அங்க அவன் பொண்டாட்டி கூட்டுவாலே!"

சிரிப்பு அப்பாவையும் தொற்றிக்கொண்டது. திரையைப் பார்த்துக் கத்தினார்: "சுரூபத்துக்குப் பின்னால பாருடா மடையா! அங்கதான் எவளும் கை வைக்கமாட்டா!"

மைதானமே சிரித்தது. திரையில் சுரூபமே இல்லை. புத்தக அலமாரிதான் இருந்தது. என் பக்கத்தில் குலுங்கிக்கொண்டிருந்த தோள் நின்றுபோனது. அத்தை என்னைப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன். அப்பாவுக்கும் அந்த நொடியில் புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. மீதிப் படத்தை ஊர் தானாகவே கதை கட்டிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும், அப்பா திரும்புவதற்கு முன்பே, அத்தை நேரே சுரூபத்திடம் போனார். புட்டியை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தார். அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை மூடியைத் திருகி, புட்டியை இருந்த இடத்திலேயே வைத்து, சிலுவை போட்டுக்கொண்டார்.

"எம்புட்டு நாளா?" என்றார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஓலை வாசிக்கிறப்ப தலையக் குனியாத தாயி. நீ குனிஞ்சா ஊரு ஏன்னு கேக்கும். ஊரு கேட்டா எம்மகனும் கேப்பான்."

மன்னித்தாரா, மறைக்கச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாணம் நிற்காது என்று மட்டும் விளங்கியது. அந்த ஆறுதலே எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பூசையில் சாமியார் ஓலையை வாசித்தார். என் பெயருக்கு முன்னால், இன்னாருடைய மகள் என்று அப்பாவின் பெயர் வந்தது. அத்தை சொன்னபடி நான் நிமிர்ந்தே இருந்தேன். அதனால்தான் ஆண்கள் பக்கம் எனக்குத் தெரிந்தது. தன் பெயரைக் கேட்டதும் அப்பா தலை குனிந்தார். தடை உண்டா என்று சாமியார் கேட்டு முடித்த பிறகும் அவர் நிமிரவில்லை.