மிஸ்திரியின் காதில் விழாதது

செம்பூரைத் தாண்டி மாஹுல் படகுத்துறையில் தனசீலன் மிஸ்திரியிடம் நல்ல பெயர் வாங்கிய மனிதர் எவரும் கிடையாது. மண்ணெண்ணெய் விற்கிறவன் திருடன். எஞ்சினைக் கழுவாமல் வீட்டுக்குப் போகிற படகோட்டி சோம்பேறி. புத்தகம் பார்த்து ஸ்க்ரூ முடுக்குகிற மெக்கானிக் மடையன். முப்பது வருடமாகப் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் தமக்கு மட்டும் அவர் எந்தப் பட்டமும் கொடுத்துக்கொண்டதில்லை.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து தேவ்நாரில் குடியேறியவர். கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “பிளக்கு போச்சு” என்பார், “கார்புரேட்டர்ல அழுக்கு” என்பார். சொன்னால் சொன்னதுதான். அவரிடம் இருந்த தொல்லையே அதுதான். தப்பாகச் சொல்கிற ஆளாக இருந்திருந்தால் என்றைக்கோ வாயை அடக்கியிருப்பார்கள்.

வாஷியிலிருந்து ஒரு கம்பெனி பேட்டரி மோட்டரைக் கொண்டுவந்து இறக்கியது. இரண்டு படகு வைத்திருந்த அப்ராருக்கு அதன்மேல் ஆசை. மண்ணெண்ணெய்ப் புகையில் இருமி இருமி அலுத்துப் போயிருந்தார். ஆனாலும் மிஸ்திரி ஓட்டிப் பார்த்துச் சரியென்று சொன்னால்தான் மாற்றுவேன், இல்லாவிட்டால் கம்பெனி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்றார். அப்ரார் மாற்றினால் துறையே மாற்றிவிடும். பிறகு காது கொடுத்துக் கேட்க அங்கே என்ன இருக்கும்? தனசீலன் படகில் ஏறும்போதே தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் ஏறினார்.

கம்பெனி அனுப்பிய பெண் லிசா, செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஷூ போட்ட காலோடு படகில் ஏறினாள். சேற்றுத் துறைக்கு ஷூ போட்டு வருகிறவளுக்கு மோட்டரைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? போதாக்குறைக்கு ‘அங்கிள்’ வேறு.

“இது மோட்டரா, மாவாட்டுத கிரைண்டரா?”

“ஓட்டிப் பாருங்க அங்கிள். ஒண்ணு மட்டும் யாத் வெச்சுக்கோங்க. ப்ரொப்பெல்லர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி இந்த ரெட் சாவிய எடுத்துடணும். சத்தம் இல்லன்னா ஆஃப்னு அர்த்தம் இல்ல.”

“எனக்கா சொல்லுத? நீ பொறக்கதுக்கு முன்னாலயே எஞ்சின்ல கை வச்சவன் பாப்பா நான்.”

வலையை ஏற்றும்போது இன்னொரு முறையும் சொன்னாள். தனசீலன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டர் சத்தமே இல்லாமல் ஓடியது. ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூடத் தெரியாத மானங்கெட்ட மிஷின் என்று முணுமுணுத்தபடி கைப்பிடியை முறுக்கினார். படகின் முன்முனையில் நின்று அப்ரார் நைலான் வலையை விட்டார். படகைத் திருப்பும்போது நீரோட்டம் வலையை அடியில் இழுத்து ப்ரொப்பெல்லரில் சுற்றிவிட்டது. மோட்டர் அப்படியே நின்றது.

தனசீலனுக்கு வந்ததே ஒரு சந்தோஷம். “செத்துப்போச்சு பாப்பா உன் கிரைண்டரு” என்றார்.

வலை சுற்றினால் எஞ்சின் இருமும், திணறும், அடங்கும். அடங்கியபின் தூக்கி வைத்து நூலை அறுப்பார்கள். சத்தம் செத்தால் கை வைக்கலாம். முப்பது வருடமாக இது ஒன்றுதான் கணக்கு. அதே கணக்கில் மோட்டரைத் தண்ணீருக்கு மேலே தூக்கினார். ப்ரொப்பெல்லர் இதழை இடது கையால் பிடித்துக்கொண்டு கத்தியை விட்டார். முறுக்கிய கைப்பிடி முறுக்கியபடியே இருந்தது. கடைசி நூல் அறுந்ததும் இதழ் அவர் கையை உதறிக்கொண்டு புறப்பட்டது. பின்னாலிருந்து பாய்ந்து லிசா சிவப்புச் சாவியைப் பிடுங்கினாள். பாதிச் சுற்றில் நின்றது. கத்தி தண்ணீரில் போனது. விரல்கள் ஐந்தும் இருந்தன.

முதுகைக் காட்டிக்கொண்டு வலையை வாரிக்கொண்டிருந்த அப்ராருக்கு எதுவும் தெரியாது.

மோட்டர் எப்படி என்று கரையில் அவர் கேட்டார். “கைசா ஹை மிஸ்திரி?”

“ஆளைக் கொல்லுகிற மிஷின். சொல்லாமல் கொள்ளாமல் சுற்றுகிறது. என் கையே போயிருக்கும்” என்று ஹிந்தியில் சொன்னார் தனசீலன்.

அப்ரார் ஸ்பானரை எடுத்து மோட்டரைக் கழற்றக் குனிந்தார். இனி லிசா சண்டைக்கு வருவாள் என்று தனசீலன் பதிலோடு காத்திருந்தார். அவளோ போனில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“நீங்க சொல்றது கரெக்ட் அங்கிள். சுத்தாம நின்னாலும் ஆன்ல இருக்குன்னு சொல்ல ஒரு பஸ்ஸர் வேணும். எங்க யாருக்கும் தோணல. ஃபால்ட்டைக் கண்டுபிடிச்சது தனசீலன் மிஸ்திரின்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கேன். பேரு சரியா இருக்கா பாருங்க.”

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெயர் சரியாகத்தான் இருந்தது. கேலி செய்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. துறையிலிருந்த திருடன், சோம்பேறி, மடையன் எல்லோரையும்விடக் கேவலமான ஒரு ஆள் அப்போது அவர் சட்டைக்குள் நின்றுகொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“இன்னொண்ணும் எழுது,” என்றார். “ரெண்டு தடவ சொன்னேன், கெழவன் கேக்கலன்னு எழுது. சாவியப் புடுங்கி அவன் கையக் காப்பாத்துனது நாந்தான்னும் எழுது.”

அதையே ஹிந்தியில் அப்ராரிடமும் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல்.

அப்ரார் ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு மிஸ்திரியின் பக்கம் திரும்பாமல், நீ சொல் மகளே என்று லிசாவிடம் கேட்டார்.

“தூ போல் பேட்டி, மோட்டர் கைசா ஹை?”

அந்தத் துறையில் அந்தக் கேள்வியைத் தனசீலனைத் தவிர வேறு யாரிடமும் எவரும் கேட்டதில்லை.